பழைய கார்டும் புதிய ஃபர்ம்வேரும்

கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தியவுடன், விண்டோஸோ லினக்ஸோ நினைவகத்துக்கு வந்து சேர்வதற்கு முன்னமே, மதர்போர்டில் குடியிருக்கும் ஃபர்ம்வேர் திரையில் நாலு எழுத்தைக் காட்டியாக வேண்டும். எந்தக் கிராபிக்ஸ் கார்டு செருகப்பட்டிருக்கும் என்பதை அது முன்கூட்டி அறியாதாகையால், தன்னை இயக்கும் டிரைவரைக் கார்டே தன் ரோம் சில்லில் சுமந்து வரவேண்டும் என்ற சம்பிரதாயம், 1980-களின் தொடக்கத்தில், ஐ.பி.எம். பி.சி.யின் பயாஸ் என்னும் ஃபர்ம்வேரில் ஏற்பட்டது. பயாஸ், நினைவகத்தின் மேற்பகுதியை 2 கிலோபைட்டுக்கு ஓரிடமாகத் துழாவிச் சென்று, 55, ஏஏ என்னும் இரண்டு பைட்டுகள் அடுத்தடுத்துத் தென்பட்ட இடத்தில் ஒரு கார்டின் நிரல் இருப்பதாக நிச்சயித்து, கூட்டுத்தொகையைச் சரிபார்த்து, அதிகாரம் முழுவதையும் அதனிடம் ஒப்படைத்துவிடும்.

இந்த ஏற்பாட்டின் எளிமை வியக்கத்தக்கதே. ஆயினும் எல்லாம் 16 பிட் முறையில், 1 மெகாபைட்டுக்குள் நடந்தாக வேண்டியிருந்தமையால், ரெய்டு கார்டும் நெட்வொர்க் கார்டும் நாலைந்து சேர்ந்த சர்வர்களில் டிரைவர்களுக்கு இடம் போதாமற்போயிற்று. இன்டெல் நிறுவனம் ஐட்டேனியம் யந்திரங்களுக்கென வகுத்த ஈ.எஃப்.ஐ. என்னும் புதிய ஃபர்ம்வேர் முறை, 2005-இல் பல நிறுவனங்கள் கூடி அமைத்த மன்றத்தின் பொறுப்பில் யூ.ஈ.எஃப்.ஐ. ஆயிற்று. "இந்தச் சாதனம் உன்னுடையதா?" என்று டிரைவரை முதலில் வினவி, ஆமென்றால் மட்டுமே தொடங்கச் சொல்லும் கிரமம் அதில் உண்டு.

எனினும், உலகெங்கும் இருந்த கார்டுகள் ஒரே நாளில் புதிய பாஷை பேசிவிடுமா? ஆகவே சி.எஸ்.எம். எனும் பகுதி, யூ.ஈ.எஃப்.ஐ.க்குள்ளேயே இருந்துகொண்டு பழைய பயாஸின் சேவைகளை அளித்தது. அதனினும் என் மனத்தைக் கவர்வது, கார்டு செய்தவர்களில் சிலர் கைக்கொண்ட உபாயம்: பி.சி.ஐ. விதிகள் ஒரே சில்லில் பல நிரல்களை வரிசையாக வைக்க இடம் தருகின்றமையின், வகை எண் 0 இட்ட பழைய நிரலையும் 3 இட்ட புதிய நிரலையும் சேர்த்தே வைத்து, எந்த மதர்போர்டுக்குப் போனாலும் அது தனக்குரியதை எடுத்துக்கொள்ளும்படி செய்தார்கள். வாங்கியவரின் காசு வீண்போகாதபடி காத்த காரியம் அது.

சி.எஸ்.எம். என்றென்றைக்கும் நீடிப்பது உசிதமன்று. கையொப்பம் சரிபார்க்கப்படாத பழைய நிரலுக்கு இடங்கொடுத்துக்கொண்டே, கையொப்பமுள்ள நிரலை மட்டும் இயங்கவிடும் செக்யூர் பூட்டின் பாதுகாப்பை எதிர்பார்க்க இயலாது. 2020-க்குள் சி.எஸ்.எம்.மை நீக்கிவிடப் போவதாக 2017-இலேயே இன்டெல் அறிவித்தது நியாயமே. ஆனால் நீக்கிய செய்தியை மதர்போர்டுப் பெட்டியின் மேலேயே அச்சிட்டுத் தெரிவிப்பது விற்பவர் கடமை. பழைய கார்டை வைத்துக்கொண்டு புதிய போர்டு வாங்கும் வாசகர்கள், கார்டில் ஜி.ஓ.பி. எனப்படும் புதிய டிரைவர் உண்டா என்று முதலில் கேட்டறியுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் யந்திரத்தில் சி.எஸ்.எம்.மை அணைக்குமுன், டிஸ்கின் பிரிவு முறை எம்.பி.ஆரா ஜி.பி.டி.யா என்பதையும் பாருங்கள், எம்.பி.ஆராக இருந்தால் விண்டோஸ் எழும்பாது.