மெயில் சுத்திக்கிட்டே இருக்கு: ஃபார்மட் அடிப்பதற்கு முன்னால்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பெரியப்பா மகன் போன் செய்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருப்பவர். "தம்பி, மெயில தொறந்தா சுத்திக்கிட்டே இருக்கு. மூணு நாளா ஒரு ஆர்டரும் பாக்க முடியல. கம்ப்யூட்டர் கடைப் பையன் ஃபார்மட் அடிச்சிரலாம்ங்கிறான்."

"அண்ணே, யாரையும் தொட விடாதீங்க, நான் வரேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். பதறியதற்குக் காரணம் உண்டு. அவருடைய பதினோரு வருஷ மெயில், அந்த ஒரு கம்ப்யூட்டரைத் தவிர வேறெங்கும் இல்லை. பர்ச்சேஸ் ஆர்டர், டிராயிங், "இந்த அளவை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்" என்று பாதி வேலையில் கம்பெனிக்காரர்கள் எழுதியது எல்லாம் அதில்தான். பீஸ் ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்தால், "நீங்க சொன்ன அளவுதான் சார்" என்று காட்ட அவரிடம் இருக்கும் ஒரே சாட்சி அது.

சர்வரில் இருக்காதா என்று கேட்பீர்கள். அவர் கணக்கு பாப் முறையில் இருந்தது. 1984-ல் வந்த முறை இது. கனெக்ட் செய், மெயிலை இறக்கு, லைனை வை. 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் இங்கே பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தபோது, மணிக்கணக்குக்குக் காசு கட்டிய டயலப் காலத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. ஐமேப் முறையில் மூலம் சர்வரிலேயே இருக்கும், நம் கம்ப்யூட்டரில் இருப்பது பிரதி. பாப்பில் பெரும்பாலும் தலைகீழ். அண்ணன் கம்ப்யூட்டரில், 14 நாள் ஆனதும் சர்வரிலிருந்து நீக்கிவிடும்படி செட்டிங் இருந்தது. ஃபார்மட் அடித்திருந்தால் அவ்வளவுதான்.

சரி, "சுத்திக்கிட்டே இருக்கு" என்றால் உள்ளே என்ன நடக்கிறது?

ஒரு ஜன்னல் 5 நொடிக்குமேல் எந்தக் கட்டளையையும் கவனிக்காமல் இருந்தால், விண்டோஸ் அதன் தலையில் "நாட் ரெஸ்பாண்டிங்" என்று எழுதிவிடும். செத்துவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஒற்றை ஆள் பட்டறையில் லேத் ஓடிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தால் யாரும் எடுக்க மாட்டார்கள். கடை மூடியிருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது, கை வேலையில் இருக்கிறது. ஆகவே முதல் கேள்வி, "எப்படி நிறுத்துவது?" அல்ல, "எதற்காகக் காத்திருக்கிறது?"

அதற்கு டாஸ்க் மேனேஜரைத் திறந்து இரண்டு நிமிஷம் சும்மா பாருங்கள். டிஸ்க் எண் உச்சத்தில் நின்றால், ஏதோ பெரிய ஃபைலைப் படிக்கிறது அல்லது எழுதுகிறது. சிபியு மட்டும் ஓடினால், பெரும்பாலும் தேடலுக்கான அட்டவணை போடுகிறது. இரண்டும் சும்மா கிடந்தால் சர்வரின் பதிலுக்கு நிற்கலாம். நெட்டைத் துண்டித்துவிட்டுத் திறந்து பாருங்கள். அப்போது சரியாக வந்தால் கோளாறு நெட் பக்கம்தான்.

அண்ணன் கம்ப்யூட்டரில் டிஸ்க் 100-ல் நின்றது. அவர் வைத்திருப்பது தண்டர்பேர்ட். அதன் வழக்கமான அமைப்பில் ஒரு ஃபோல்டர் என்பது ஒரே ஒரு ஃபைல். பழைய யூனிக்ஸ் காலத்து எம்பாக்ஸ் முறை. இன்பாக்ஸில் உள்ள எல்லா மெயிலும், இணைப்புகளோடு, ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நீளச் சுருளில் இருக்கும். நீங்கள் ஒன்றை டெலிட் செய்தால் சுருளில் அது அழியாது, "இது நீக்கப்பட்டது" என்று குறி மட்டும் விழும். நிஜமாக இடத்தைத் திரும்ப எடுக்கும் வேலைக்கு "காம்பாக்ட்" என்று பெயர். அது நல்ல மெயில்களை மட்டும் ஒரு புது ஃபைலில் படியெடுத்து, முடிந்ததும் பழையதற்குப் பதிலாக அதை வைக்கும். அதாவது கிட்டத்தட்ட இன்பாக்ஸ் அளவுக்கு டிஸ்க்கில் காலி இடம் வேண்டும், நேரமும் வேண்டும்.

ப்ரொஃபைல் ஃபோல்டரைத் திறந்து பார்த்ததும் கதை புரிந்தது. இன்பாக்ஸ் 14 ஜிபி. பக்கத்திலேயே "என்எஸ்டிஎம்பி" என்று தொடங்கும் மூன்று ஃபைல்கள், மொத்தம் 19 ஜிபி. இவை காம்பாக்ட் பாதியில் நின்றால் கிடக்கும் அரைகுறைப் பிரதிகள். சி டிரைவில் மிச்சம் 2 ஜிபி.

"நடுவுல நிறுத்தினீங்களாண்ணே?"

"சுத்திக்கிட்டே இருந்துச்சுப்பா. பவர் பட்டன அமுக்கிட்டேன். மூணு நாலு தடவ."

ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் ஒரு அரைகுறைப் பிரதி மிஞ்சி, அடுத்த முயற்சிக்கு இருந்த இடத்தையும் தின்றிருக்கிறது. போதாக்குறைக்கு ஆன்டிவைரஸ் வேறு, இன்பாக்ஸில் ஒரு எழுத்து மாறினாலும் 14 ஜிபியையும் மறுபடி படிக்கக் கிளம்பியது.

செய்த வேலையை வரிசையாகச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும்.

முதலில் தண்டர்பேர்டை மூடி, டாஸ்க் மேனேஜரில் அது இல்லை என்று உறுதி செய்துகொண்டு, முழு ப்ரொஃபைல் ஃபோல்டரையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்தேன். இது முடியும்வரை வேறு எதையும் தொடக் கூடாது. டீ குடித்தோம், இன்னொரு டீயும் குடித்தோம்.

அடுத்து அந்த அரைகுறை ஃபைல்களை நீக்கினேன். பிறகு "எம்எஸ்எஃப்" என்று முடியும் ஃபைல்களை வேறு இடத்துக்கு நகர்த்தினேன். அவை மெயில் அல்ல, சுருளுக்கான பொருளடக்கம் மட்டுமே. திறக்கும்போது தண்டர்பேர்ட் புதிதாக எழுதிக்கொள்ளும். ஆனால் பக்கத்தில் அதே பெயரில், எந்த வால் எழுத்தும் இல்லாமல் இருக்கிறதே, அதுதான் மெயில். அதைத் தொட்டுவிடாதீர்கள்.

மூன்றாவதாக, ஆன்டிவைரஸில் ப்ரொஃபைல் ஃபோல்டருக்கு விலக்கு. இணைப்பைத் திறக்கும்போதோ சேமிக்கும்போதோ அது வெளியே ஒரு ஃபைலாக வரும், அப்போது சோதனை நடக்கும். கடைசியாக ஷிஃப்டை அழுத்திக்கொண்டே தண்டர்பேர்டைத் திறந்தேன். ஆட்-ஆன்கள் இல்லாமல் திறக்கும். அங்கிருந்து காம்பாக்ட் கொடுத்துவிட்டு, மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டோம். முடிந்தபோது 14 ஜிபி 9 ஆகியிருந்தது. மூன்று நாளாகக் காணாமல் போன ஆர்டரும் வந்து உட்கார்ந்தது.

அவுட்லுக் வைத்திருப்பவர்களுக்கும் தர்க்கம் இதேதான். அங்கே சுருளுக்குப் பதில் பிஎஸ்டி ஃபைல். 2002 பதிப்பு வரை அதன் உச்சவரம்பு 2 ஜிபி, 2003-லும் 2007-லும் 20 ஜிபி, 2010 முதல் 50 ஜிபி. பழுது பார்க்க அதனுடனேயே ஸ்கேன்பிஎஸ்டி வருகிறது. அதையும் காப்பி எடுத்த பிறகே ஓட்டுங்கள்.

கிளம்பும்போது கவனித்தேன். மானிட்டரின் மூலையில் போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து அப்படியே இருந்தது. "பூஜைக்கு லேத்தை எல்லாம் பிரிச்சுத் துடைக்கிறீங்க, இதுக்குப் பொட்டு மட்டும்தானா?" என்றேன். சிரித்தார். இனி வருஷா வருஷம் பூஜைக்கு முந்தின நாள் பழைய மெயிலை அந்தந்த வருஷ ஃபோல்டருக்கு மாற்றி, காம்பாக்ட் செய்து, காப்பி எடுத்து வைப்பதாகச் சொன்னார். வெளி ஹார்ட் டிஸ்க்கை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். பூஜைக்கு முதல் நாள் ஒரு போன் போட வேண்டும்.