சுவரில் ஈரமா? பெயின்ட் அடிக்கும் முன்பு இதைப் பாருங்க!

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த மறுநாள். கனமழையில் ஊறிப்போன திருவண்ணாமலை தீபமலையில் மண்ணும் பாறையும் சரிந்து, அடிவாரத்தில் வ.உ.சி. நகரில் இருந்த வீட்டை மூடின. குழந்தைகள் உட்பட 7 பேர் உயிரிழந்தனர்.

எல்லா வீட்டுக்கும் இப்படி ஒரு ஆபத்து இல்லை. ஆனால், மலையடிவார வீடோ, நகரத்து அபார்ட்மென்ட்டோ, மழைக்காலத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: தண்ணீர் எங்கிருந்து வருது? அது தெரியாமல் 'பெயின்ட் அடிச்சா சரியாயிடும்' என்று விட்டால், அடுத்த மழைக்கே கறை திரும்ப வந்துவிடும்.

ஈரம் எங்கே, காரணம் என்ன?

* சீலிங்கில் கறை: மொட்டை மாடியில் தண்ணீர் தேங்குகிறதா, வடிகுழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். நாளடைவில் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து உப்பும். கான்கிரீட் பெயர்ந்து விழும்.

* சுவரின் அடியில் உப்பு பூத்து, பூச்சு உதிர்வது: நிலத்தடி ஈரம் சுவரில் ஏறுவதன் அடையாளம்.

* மழை இல்லாத நாளிலும் ஈரம்: பைப் கசிவாக இருக்கலாம். எல்லா குழாய்களையும் மூடிவிட்டு, மோட்டார் போடாமல் இரண்டு மணி நேரம் கழித்து மேல்நிலைத் தொட்டியைப் பாருங்கள். மட்டம் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது.

உடனே என்ன செய்யணும்?

சுவிட்ச் போர்டு பக்கம் ஈரம் இருந்தால் தொடாதீர்கள். மெயின் சுவிட்ச் உலர்ந்த இடத்தில் இருந்தால் மட்டும் அணையுங்கள். இல்லையென்றால் மின்னகம் 94987 94987 எண்ணுக்கு அழையுங்கள். எதையும் சுத்தம் செய்யும் முன் போட்டோ, வீடியோ எடுத்து வையுங்கள். நனைந்த பொருட்களில் 24 முதல் 48 மணி நேரத்தில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். அதனால் ஜன்னலைத் திறந்து, மின்சாரம் பாதுகாப்பாக இருந்தால் ஃபேன் போட்டு உலர்த்துங்கள்.

காப்பீடு கிடைக்குமா?

2021 ஏப்ரலில் அறிமுகமான 'பாரத் கிரஹ ரக்ஷா' வீட்டுக் காப்பீட்டில் புயல், வெள்ளம், நிலச்சரிவு எல்லாம் அடங்கும். பல மாதங்களாக மெல்லக் கசிந்த ஈரத்துக்குப் பொதுவாகப் பணம் கிடைக்காது. கசிவைச் சீக்கிரம் கவனிக்க இதுவும் ஒரு காரணம்.

எப்போது வெளியேற வேண்டும்?

திருவண்ணாமலை மட்டுமல்ல, மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிகளிலும் சரிவை ஒட்டி வீடு இருப்பவர்கள் கனமழையின்போது இவற்றைக் கவனிக்கணும்: தரையில் புது விரிசல், சாயும் மரம் அல்லது மின்கம்பம், திடீரென இறுகிக்கொள்ளும் கதவு, மலையிலிருந்து கலங்கி வரும் தண்ணீர், உருளும் சத்தம். இதில் ஒன்று தெரிந்தாலும் பொருளை எடுக்க நிற்காமல் வெளியேறுங்கள். பிறகு 1077-க்கு அழையுங்கள்.

கசியும் சுவரை மழை விட்டதும் சரிசெய்யலாம். சரியும் மலைக்கு அந்த அவகாசம் கிடையாது.