நிறம் போனால் போதுமா?

பாசனத்துக்கென்று நொய்யல் ஆற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் வந்தது. சில ஆண்டுகளிலேயே திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் இடமாகிவிட்டது. தண்ணீர் கேட்க வேண்டிய விவசாயிகள், அந்தத் தண்ணீரே வேண்டாம் என்று நீதிமன்றம் ஏறினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் பட்டறைகள் மீண்டும் ஓடுகின்றன.

அந்த நிபந்தனையை நிறைவேற்றக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும்போது, அது ஆர்.ஓ. (எதிர்ச்சவ்வூடு பரவல்) சவ்வுக்குப் போகும் முன்பே சாயத்தைக் குறைத்தாக வேண்டும். அங்கேதான் உயிர்க்கரியும் பாக்டீரியாவும் சேர்ந்த கூட்டணி என் கவனத்தை ஈர்க்கிறது.

தேங்காய்ச் சிரட்டை, கடலைத்தோல், சீமைக் கருவேல விறகு என எதையும் காற்று அதிகம் புகாமல் 300 முதல் 700 டிகிரி வரை சூடாக்கினால் உயிர்க்கரி கிடைக்கும். விறகுக் கரித்துண்டு ஒன்றை நுண்ணோக்கியில் பாருங்கள்: மரம் உயிரோடிருந்தபோது நீரேற்றிய குழாய்கள் அப்படியே நிற்கும். ஒரு மைக்ரான் அளவுள்ள பாக்டீரியா அவற்றில் குடியேறி, பிசுபிசுப்பான படலமாகப் பரவும். பாக்டீரியா நுழைய முடியாத நுண்துளைகளில் சாய மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்ளும். வெறும் கரியென்றால் துளைகள் நிரம்பியதும் வேலை நின்றுவிடும். பாக்டீரியா இருந்தால், கரி விடும் சாயத்தைத் தின்று துளைகளில் ஓரளவு இடம் உண்டாக்கும். பாக்டீரியாவுக்கும் லாபம்தான், நச்சு ஒரேயடியாகத் தாக்காமல் கரி தாங்கிக்கொள்கிறது.

ஆனால் ஒரு ஆபத்து இருக்கிறது. துணிச் சாயங்களில் பெரும்பாலானவை அசோ வகை. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் பாக்டீரியா அவற்றின் நைட்ரஜன் பிணைப்பை உடைக்கிறது, நிறம் மறைகிறது. உடைந்த துண்டுகளோ அரோமேட்டிக் அமீன்கள். அவற்றில் சில புற்றுநோயை உண்டாக்குபவை. பென்சிடின் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குக் காரணமென்று உறுதியானது. அமீன்களைச் சிதைக்க ஆக்சிஜன் வேண்டும். படலத்தின் வெளிப்புறத்தில் காற்றும் உட்புறத்தில் காற்றின்மையும் அமைந்தால் இரண்டு வேலையும் ஒரே கரித்துண்டில் நடக்க வழியுண்டு. ஆகவே தெளிந்த தண்ணீரைக் காட்டி வெற்றி என்று யார் சொன்னாலும், அமீன் அளவைக் கேளுங்கள்.

இந்தக் கூட்டணி உப்பைத் தொடாது. சாயமேற்றக் கொட்டும் உப்புக்கு ஆர்.ஓ.வும் ஆவியாக்கியும்தான் வழி. கழிவில் உலோகங்கள் இருந்தால் அவற்றையும் பாக்டீரியாவால் சிதைக்க முடியாது. அவை கரியிலும் படலத்திலும்தான் தங்கும். அப்படி உலோகம் ஏறிய கரியை உரமென்று வயலில் கொட்டக் கூடாது. அபாயக் கழிவுகளுக்கான பாதுகாப்பான கிடங்குக்கே அனுப்ப வேண்டும். அந்தச் செலவையும் திட்டக் கணக்கில் முதலிலேயே எழுதிவிட வேண்டும்.