34 மி.மீ. ஓட்டையில ஒரு உலக சாம்பியன்!

டர்போ பைத்தியங்களுக்கு மங்கலம்பேட்டையில இருந்து ஒரு சூடான ரிப்போர்ட்

ராலி வீடியோவுல கார் வளைவுல திரும்பும்போது ‘பட்... படார்...’னு வெடிக்குமே, அதைக் கேட்டதும் உங்களுக்கும் கை பரபரங்குதா? வீட்டு வண்டியையும் அப்படி ஆக்கிடலாம்னு தோணுதா? ஒரு நிமிஷம்... ஆக்கிப் பார்த்தவன் சொல்றேன், கேளுங்க.

மங்கலம்பேட்டையில எங்க சித்தப்பா டிராவல்ஸ் கார் ஓட்டறார். டர்போ டீசல் வண்டி. கல்யாண சவாரி, ஆஸ்பத்திரி சவாரின்னு அந்த வீட்டுக்குச் சோறு போடறதே அதுதான். மெக்கானிக்கல் ரெண்டாம் வருஷ லீவுல, அவருக்குத் தெரியாம அதுல ஒரு ‘டியூனிங் பாக்ஸ்’ மாட்டினேன். சென்சாரை ஏமாத்தி டீசலைக் கூடுதலா தள்ள வைக்கிற சின்ன டப்பா. உளுந்தூர்பேட்டை ரோட்டுல வண்டி சீறுச்சு பாருங்க... நாலு தடவை உலக ராலி சாம்பியன் டாமி மாக்கினெனே நான்தான்னு நினைப்பு!

மூணே வாரம். சைலன்சர்ல நீலப் புகை. கழட்டிப் பார்த்தா டர்போ ஷாஃப்ட் ஆடுது, ஆயில் கசியுது. புது டர்போவோட சேர்த்து 38 ஆயிரம் ரூபாய் பில். ரெண்டு முகூர்த்த சவாரியும் போச்சு. சித்தப்பா திட்டலை. “இன்ஜினீயரிங் படிக்கிறியே தம்பி... அது எவ்வளவு தாங்கும்னு பார்த்தியா?”ன்னு மட்டும் கேட்டார். எந்த வைவாவுலயும் நான் அப்படி முழிச்சதில்லை.

அது எவ்வளவு தாங்கும்?

அதுக்கப்புறம்தான் ஒழுங்கா உட்கார்ந்து படிச்சேன். வீணா வெளியே போற எக்ஸாஸ்ட் புகையால ஒரு சக்கரம் சுத்தும். அதே தண்டுல இருக்கிற இன்னொரு சக்கரம் காத்தை அழுத்தி இன்ஜினுக்குள்ள திணிக்கும். காத்து கூடினா எரிபொருளையும் கூட்டலாம், பவரும் கூடும். இவ்வளவுதான் டர்போ! சுவிட்சர்லாந்து இன்ஜினீயர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-லேயே இதுக்கு பேட்டன்ட் வாங்கிட்டார். கார் டர்போ நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்துக்கு மேல சுத்தும். அந்தத் தண்டைத் தாங்கறது மெல்லிய ஆயில் படலம் மட்டும்தான். நான் பண்ணது என்ன? டீசலை ஏத்தி சூட்டைக் கூட்டினேன். விரட்டி ஓட்டிட்டு வந்து சட்டுனு ஆஃப் பண்ணேன். உள்ளே நின்ன ஆயில் கருகி, பேரிங்கைத் தின்னுடுச்சு.

லகான் போட்ட ராலி

1979 ஸ்வீடன் ராலியில ஸ்டிக் ப்ளாம்க்விஸ்ட் சாப் 99 டர்போவுல ஜெயிச்சார். உலக ராலியில டர்போவுக்கு அதுதான் முதல் வெற்றி. அப்புறம் வந்துச்சு குரூப் பி காலம். பவருக்கு லகானே இல்லை. 1986 கார்சிகா ராலியில லான்சியா டெல்டா எஸ்4 பள்ளத்துல விழுந்து எரிஞ்சதுல டிரைவர் ஹென்ரி டொய்வோனென், கோ-டிரைவர் செர்ஜியோ கிரெஸ்டோ ரெண்டு பேரும் இறந்துட்டாங்க. அந்த வருஷத்தோட குரூப் பி-க்கு மூடுவிழா.

டர்போவோட மூக்குல ஒரு வளையத்தை மாட்டி, காத்துக்கே அளவு வெச்சாங்க. 1995-ல் அந்த ஓட்டை வெறும் 34 மி.மீ. இன்ஜினுக்குப் போற காத்து மொத்தமும் அது வழியாத்தான் போகணும். அதே வருஷம் ஸ்பெயின் ராலியில டொயோட்டா டீம் மாட்டினது தனிக்கதை. ஹோஸை இறுக்கினா வளையம் நகர்ந்து, பக்கவாட்டுல காத்து திருட்டுத்தனமா உள்ளே போகும். கழட்டினா எல்லாம் ஒழுங்கா இருக்கும்! கண்டுபிடிச்சு ஒரு வருஷத் தடை போட்டாங்க.

அந்த 34 மி.மீ. காத்தோடதான் மாக்கினென் 1996-ல் இருந்து 1999 வரை வரிசையா நாலு பட்டம் ஜெயிச்சார். கார்? மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன். இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998-ல் நம்ம திருவள்ளூர்ல தயாரிக்க ஆரம்பிச்சதும் லான்சர்தான். ஆனா, அதுல டர்போ கிடையாது!

அந்த ‘படார்’ சத்தம்? ஆக்சிலரேட்டரை விட்டாலும் டர்போ தூங்கிடக் கூடாதுன்னு எக்ஸாஸ்ட் பக்கம் பெட்ரோலை எரிய விடுவாங்க. பேரு ஆன்டி-லேக். டர்போ ஆயுசு சட்டுனு குறையும். ராலி டீம் புதுசு மாத்திக்கும். சித்தப்பாவால முடியுமா?

விருத்தாசலம் கனெக்‌ஷன்!

நம்ம பக்கத்து ஊர் விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர் போனது. ஸ்பார்க் பிளக்ல வெள்ளையா இருக்கே, அதுவும் பீங்கான் ஜாதிதான். இன்னொண்ணு தெரியுமா? 1989-ல் வந்த நிஸான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். காரோட டர்போ சக்கரமே செராமிக்! எடை கம்மி, அதனால சீக்கிரம் சுத்தும். சூட்டையும் தாங்கும். ஆனா, ஆசைப்பட்டு பூஸ்ட்டை ஏத்தினவங்களுக்குச் சக்கரம் பீங்கான் தட்டு மாதிரி உடைஞ்சுது. அதனால டியூனிங் பண்றவங்க முதல் வேலையா இரும்புச் சக்கரத்துக்கு மாறினாங்க. ஜப்பான்காரங்களும் சித்தப்பா கேட்ட கேள்வியைத்தான் கேட்டிருக்காங்க. என்ன, உடைஞ்சப்புறம் கேட்டாங்க!

டர்போ வண்டி வீட்ல இருக்கா?

* ஸ்டார்ட் பண்ணதும் விரட்டாதீங்க. ஆயில் மேலே ஏறட்டும்.
* நீண்ட ஓட்டத்துக்கு அப்புறம் ஒரு நிமிஷம் ஐடிலிங்ல விட்டு ஆஃப் பண்ணுங்க.
* ஆயில், ஏர் ஃபில்டர் மாத்தறதுல கஞ்சத்தனம் வேண்டாம்.
* கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தினா, மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு பாயும். வாரன்டியும் கோவிந்தா!

அப்போ டியூனிங் ஆசையை என்ன பண்றது? அதுக்குன்னு இடம் இருக்கு பாஸ்! கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில நடக்கிற ‘ஃபார்முலா பாரத்’ போட்டியில காலேஜ் பசங்களே ரேஸ் கார் கட்டி ஓட்டறாங்க. அங்கேயும் பெட்ரோல் இன்ஜின்ல காத்துக்கு வளையம் உண்டு... 20 மி.மீ. மட்டும்! டர்போ மாட்டினாலும் காத்து அதுக்குள்ளதான் நுழையணும்.

எங்க காலேஜ்லயும் ஒரு டீம் சேர்த்துட்டிருக்கோம். டப்பா மாட்டற வேலை இல்லை. கணக்குப் போட்டு, அளந்து, அப்புறம் முறுக்கற வேலை. நோட்டோட முதல் பக்கத்துல சித்தப்பா கேள்வியைத்தான் எழுதி வெச்சிருக்கேன். அவருக்கு இன்னும் 22 ஆயிரம் பாக்கி. டியூஷன் எடுத்து அடைச்சுட்டு இருக்கேன்!