குளிரில் விழிக்கும் கண்

தேவர்சோலைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து உதகை நோக்கி மலையேறுவோர், மார்கழி தை மாதங்களில் புல்லின்மேல் உறைபனி வெண்மையாய்ப் படிந்திருக்கக் காண்பர். ஒரே இரவில் தேயிலைக் கொழுந்து கருகிப் போவதுண்டு. நமக்கு அதுவே கடுங்குளிர். வான சாஸ்திரிகள் தங்கள் கருவிகளுக்கு வேண்டும் குளிருக்கு முன்னே இது கோடை வெயிலாகும்.

உஷ்ணமுள்ள பொருள் யாவும் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கிரணங்களை வீசுகின்றன. தூசு மேகங்களுக்குள் பிறக்கும் நட்சத்திரங்களை அக்கிரணங்களைக் கொண்டே காணவேண்டும். அவற்றை உணரும் கருவி தானே சூடாயிருந்தால், ஒளி வாராத போதும் அதனுள் மின்சாரம் எழும். அதன் உறையும் கிரணங்களை வீசும். பட்டப்பகலில் மின்மினியைத் தேடிய கதையாகிவிடும். ஆகவே கருவியைக் குளிர்விப்பதன்றி வேறு வழியில்லை.

டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் அமைத்த 'டிர்காம்-2' என்னும் காமிராவில், இண்டியம் ஆன்டிமொனைடு படிகத்தாலான உணர்கருவி ஹீலியத்தின் உதவியால் பூஜ்யத்துக்குக் கீழே 238 டிகிரி சென்டிகிரேடு வரை குளிர்விக்கப்படுகிறது. நைனிதாலுக்கருகே தேவஸ்தலில், 2016-இல் துவக்கப்பெற்ற 3.6 மீட்டர் தொலைநோக்கியில் அது பணி செய்திருக்கிறது. காமிராவை அமைத்தவர் நம்மவர். அதன் கண்மணியோ அமெரிக்காவில் செய்தது. இதுவே நம் மனத்தை உறுத்துகிறது. இவ்வகைக் கருவி இருளில் பகைவரைக் காணவும் உதவுவதால், விற்கும் நாடுகள் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்திருக்கின்றன. இன்று விற்போர் நாளை மறுக்கலாம்.

நம்மால் ஆகாதென்பார்க்கு நீலகிரியே விடை சொல்லும். உதகைக்கருகே முத்தோரையில், 530 மீட்டர் நீளமுள்ள ரேடியோ தொலைநோக்கியைக் கோவிந்த் ஸ்வரூப்பும் அவர் சகாக்களும் இந்நாட்டிலேயே திட்டமிட்டுக் கட்டி 1970-இல் இயக்கினர். பூமியின் அச்சுக்கு இணையாக அது அமையும்படி மலைச்சரிவையே தேர்ந்தெடுத்தது அவர்கள் யுக்தி. அதே உதகையில் 1960-இல் தோன்றிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையோ மூடப்பட்டுவிட்டது. காரணங்கள் பலவாயினும் ஒன்று தெளிவு: ஒளியை உணரும் வேலை பிலிமை விட்டு மின்னணுச் சில்லுக்குப் போயிற்று, ஆலை அதைத் தொடர்ந்து செல்லவில்லை.

டில்லியிலுள்ள ராணுவ ஆராய்ச்சிச் சாலையில் அகச்சிவப்பு உணர்கருவி செய்யும் முயற்சி நடந்து வந்திருக்கிறது. அவ்வித்தை சர்வகலாசாலைகளுக்கும் வரவேண்டும். படிகம் வளர்க்கவும் குளிர்யந்திரம் அமைக்கவும் நம் வாலிபர் கற்கவேண்டும். அதற்குச் சர்க்கார் பத்தாண்டுகளேனும் இடைவிடாது பொருளுதவி செய்யவேண்டும். தத்தம் பிரதிநிதிகளிடம் இதைக் கேட்பது நேயர்கள் கடமை.