ஓராண்டின் இசைக்கு ஒரு திட்டம்

முன்னுரை

2025ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் இலண்டன் மாநகரில் இசைஞானி இளையராஜாவின் 'வேலியண்ட்' என்னும் சிம்பொனி அரங்கேறியது. அதன்பின் தமிழ் இல்லங்களிலும் 'சிம்பொனி' என்ற சொல் பெரிதும் புழங்கலாயிற்று. வயலின், குழல், கொம்பு, முரசு எனப் பலவகைக் கருவிகளை இசைப்போர் எண்பதின்மர், நூற்றுவர் ஒருங்கே அமர்ந்து இசைக்கும் பேரவையே சிம்பொனி இசைக்குழு. பல கருவிகளின் கூட்டொலியைப் 'பல்லியம்' என்றனர் நம் முன்னோர். எனவே இதனைப் பல்லியக் குழு என்றும் வழங்கலாம்.

இசை கேட்பது குறித்து நம் சமுதாயத்தில் வேறுபட்ட கருத்துகள் உண்டு. அவ்விவாதத்திற்குள் புகுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. பத்தாம் நூற்றாண்டிலேயே இசையின் இலக்கணத்தை ஆராய்ந்து 'கிதாபுல் மூஸீக்கல் கபீர்' என்னும் பெருநூலை யாத்தவர் பேரறிஞர் அல் ஃபாராபி. அவரை நினைவுகூர்ந்து, நூற்றுக்கணக்கானோரின் உழைப்பை ஓர் ஆண்டுத் திட்டத்திற்குள் அடக்கும் நிர்வாகக் கலையை மட்டும் இங்குக் காண்போம். எடுத்துக்காட்டாக நாம் கொள்வது ஜெர்மனி நாட்டின் லைப்சிக் நகரிலுள்ள கெவாண்ட்ஹவுஸ் இசைக்குழு.

வணிகர் நகரில் பிறந்த குழு

ஐரோப்பாவின் பழம்பெரும் இசைக்குழுக்கள் பல அரசவைகளில் பிறந்தவை. மன்னர் விரும்பியபோது இசைத்தன. மன்னர் சலித்தபோது கலைந்தன. லைப்சிக் குழுவின் பிறப்பு வேறுவகையானது. 1743ஆம் ஆண்டு அந்நகரப் பெருமக்கள் பதினாறு பேர் பதினாறு இசைக்கலைஞர்களுக்குப் பொருளுதவி வழங்கி இதனைத் தோற்றுவித்தனர். 1781இல் துணி வணிகர் மாளிகையில் சுமார் 500 பேர் அமரத்தக்க கூடம் ஒன்று இசைக்கென அமைக்கப்பட்டது. 'கெவாண்ட்ஹவுஸ்' என்னும் சொல்லுக்குத் துணி மாளிகை என்பதே பொருள். வணிகத்தில் ஈட்டிய செல்வத்தைக் கொண்டு கல்விக்கூடங்கள் எழுப்பிய பெருமக்களின் மரபில் வந்த நமக்கு இவ்வரலாறு அந்நியமானதன்று.

குடிமக்களின் பணத்தில் நடைபெறும் குழு, அடுத்த ஆண்டு எதை இசைக்கப் போகிறோம் என்பதை முன்கூட்டியே அறிவித்தாக வேண்டும். ஆண்டுச் சந்தா செலுத்துபவர் ஒரு பாடலைக் கேட்டுவிட்டுப் பணம் தருவதில்லை; கேட்கப் போவதை நம்பித் தருகிறார். ஆகவே பருவத் திட்டம் என்பது வெறும் அட்டவணையன்று. அது ஒரு வாக்குறுதி.

திட்டத்தின் எலும்புக்கூடு

பல்லியக் குழுவின் ஆண்டு பெரும்பாலும் செப்டம்பர் வாக்கில் தொடங்கி, அடுத்த கோடையில் முடியும். இதனையே பருவம் என்பர். ஆனால் திட்டமிடும் பணி ஈராண்டு, மூவாண்டுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. காரணம் எளிது. புகழ்பெற்ற இசை நடத்துநர்களும் தனிக்கலைஞர்களும் பல நாடுகளில் இசைப்பவர்கள்; அவர்களது நாள்கள் நெடுங்காலம் முன்பே நிரம்பிவிடும். முதலில் தலைமை நடத்துநர் எத்தனை வாரங்கள் குழுவோடு இருப்பார் என்பது உறுதிசெய்யப்படும். பின்னர் விருந்து நடத்துநர்கள், தனிக்கலைஞர்கள், வெளிநாட்டுப் பயணங்கள் என ஒவ்வொன்றாக நாள்காட்டியில் ஏறும்.

லைப்சிக்கில் இக்கணக்கு மேலும் சிக்கலானது. 180க்கும் மேற்பட்ட கலைஞர்களைக் கொண்ட இக்குழு மூன்று இடங்களில் பணியாற்றுகிறது. ஒன்று, 1981இல் திறக்கப்பட்டுச் சுமார் 1,900 இருக்கைகளுடன் விளங்கும் இன்றைய கெவாண்ட்ஹவுஸ் கூடம். இரண்டு, நகரின் இசைநாடக அரங்கு. மூன்று, இசைமேதை பாக் பணியாற்றிய புனித தோமா தேவாலயம். ஒரே மாலையில் ஒரு பகுதியினர் கூடத்திலும் மற்றொரு பகுதியினர் நாடக அரங்கிலும் இசைக்க வேண்டிவரும். கூடத்தில் மிகப் பெரிய படைப்பை வைத்துக்கொண்டு, அதே இரவில் நாடக அரங்கிலும் பெரும்படைப்பை வைத்தால் கொம்பு ஊதுவோர் போதமாட்டார்கள். யார் எங்கே, எப்போது, எத்தனை ஒத்திகைக்கு என்று கணக்கிடுவதற்கென்றே தனி அலுவலர்கள் இருக்கின்றனர்.

வாரத்தின் ஒழுங்கும் நிலையானது. லைப்சிக்கில் 'பெருங்கச்சேரி' எனப்படும் முதன்மை நிகழ்ச்சிகள் வியாழன், வெள்ளி மாலைகளில் நடைபெறுவது வழக்கம். அவ்வார ஒத்திகைகள் அனைத்தும் அதற்குமுன் முடிந்தாக வேண்டும். குழு நன்கறிந்த பழைய சிம்பொனிக்குக் குறைந்த ஒத்திகை போதும். இதுவரை எவரும் இசைத்திராத புதுப்படைப்புக்கு மிகுதியான நேரம் வேண்டும். ஆதலால் ஒரே நிகழ்ச்சியில் இரண்டு கடினமான புதுப்படைப்புகளைச் சேர்க்கத் திட்டமிடுவோர் தயங்குவர்.

ஒரு மாலையின் அமைப்பு

நெடுங்காலமாக நிலைபெற்ற முறை ஒன்று உண்டு. முதலில் பத்து நிமிட அளவில் ஒரு முன்னிசை; அடுத்துத் தனிக்கலைஞர் ஒருவர் குழுவோடு இசைக்கும் கன்சர்ட்டோ அரைமணி; பின்னர் இடைவேளை; அதன்பின் முக்கால் மணியளவில் ஒரு சிம்பொனி. பெரிய பியானோவை மேடையிலிருந்து அகற்றுவதற்கும் இடைவேளை பயன்படுகிறது. எல்லாப் படைப்பும் இவ்வளவுகோலுக்கு அடங்குவதில்லை. மாலர் என்பவரின் மூன்றாம் சிம்பொனி ஏறத்தாழ நூறு நிமிடம் நீள்வது. அதற்குத் துணை தேவையில்லை.

நேரத்திற்கு அடுத்தது ஆள் கணக்கு. பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியை நோக்குவோம். அதன் இறுதிப் பகுதியில் பெருமுரசு, கைத்தாளம், முக்கோணத் தாளக்கருவி ஆகியவை முழங்குகின்றன. இவற்றை வாசிப்போர் முதல் மூன்று பகுதிகளிலும் ஒலியெழுப்பாமல் காத்திருக்க வேண்டும். ஆயினும் ஒத்திகையிலும் ஊதியப் பட்டியலிலும் அவர்களுக்கு இடம் உண்டு. இம்மூன்று கருவிகளும் உதுமானியத் துருக்கியரின் படை இசையான 'மெஹ்தர்' பாணியின் தாக்கத்தால் ஐரோப்பியப் பல்லியக் குழுவுள் புகுந்தவை. பல்லியக் குழுவின் இணைமுரசுக்கு மூதாதை அரபுலகின் 'நகரா' ஆகும். மேற்கத்திய இசையின் சிகரமெனப் போற்றப்படும் படைப்புக்குள் கிழக்கின் முழக்கமும் கலந்திருக்கிறது என்பது குறிப்பிடத்தக்கது.

அதே சிம்பொனிக்குப் பாடகர் குழுவும் நான்கு தனிப்பாடகர்களும் தேவை. செலவு மிகுதி, கூட்டமும் மிகுதி. முதல் உலகப் போர் ஓய்ந்த 1918ஆம் ஆண்டின் கடைசி இரவில், லைப்சிக் தொழிலாளர்களுக்காக ஆர்தர் நிக்கிஷ் இதனை நடத்தினார். நள்ளிரவில் புத்தாண்டு பிறக்கும் வேளையில் இறுதிப் பகுதி ஒலிக்குமாறு இரவு 11 மணிக்கு நிகழ்ச்சி தொடங்கப்பட்டது. ஆண்டிறுதியில் இப்படைப்பை இசைப்பது அந்நகரில் மரபாகவே நிலைத்துவிட்டது. திட்டமிடுவோர் நாளையும் படைப்பையும் பொருத்தமுற இணைத்தால் அது ஒரு நகரத்தின் நினைவாகவே மாறிவிடும் என்பதற்கு இது சான்று.

பணக்கணக்கும் உண்டு. ஐரோப்பாவில் ஓர் இசையமைப்பாளர் மறைந்து 70 ஆண்டுகள் வரை அவர் படைப்புக்கு உரிமை உண்டு. 1975இல் மறைந்த ஷோஸ்டகோவிச்சின் படைப்பை இசைக்க உரிமைத்தொகை செலுத்த வேண்டும். மொத்ஸார்ட்டுக்கு அது தேவையில்லை. நுழைவுச் சீட்டு வருவாய் மட்டும் இத்தனை செலவையும் தாங்காது. எனவே ஜெர்மனியில் நகராட்சியும் மாநில அரசும் துணைநிற்கின்றன.

பழையதும் புதியதும்

நாள், ஆள், பணம் ஆகிய மூன்றும் பொருந்திய பின்னரே கடினமான வினா எழுகிறது. மக்கள் விரும்புவதைத் தருவதா? மக்கள் அறிந்திராததை அறிமுகப்படுத்துவதா?

1835இல் லைப்சிக் குழுவின் தலைமையேற்ற மெண்டல்சன் இவ்வினாவுக்குப் புதுவழி கண்டார். அதுவரை கச்சேரிகளில் பெரும்பாலும் சமகாலப் படைப்புகளே ஒலித்தன. அவரோ 1838இல் 'வரலாற்றுக் கச்சேரிகள்' என்னும் வரிசையைத் தொடங்கி, பாக், ஹாண்டல், ஹைடன், மொத்ஸார்ட், பீத்தோவன் எனக் கால வரிசையில் முன்னோரை மேடையேற்றினார். இறந்துபோன படைப்பாளிகளுக்கும் உயிருள்ளோர் நடுவே இடம் உண்டு என்னும் எண்ணம் வலுப்பெற்றது.

அவர் பழைமையோடு நின்றுவிடவில்லை. 1828இல் தம் 31ஆம் வயதில் மறைந்த ஷூபர்ட்டின் பெரிய சிம்பொனி ஒன்று, மிக நீண்டது, கடினமானது எனக் கருதப்பட்டு முடங்கிக் கிடந்தது. 1839ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வியன்னா நகரில் ஷூபர்ட்டின் அண்ணன் இல்லத்துக்குச் சென்ற ஷூமான், அக்கையெழுத்துப்படியைக் கண்டு லைப்சிக்கிற்கு அனுப்புவித்தார். அதே ஆண்டு மார்ச் 21இல் மெண்டல்சன் அதனை அரங்கேற்றினார். 1844இல் இலண்டன் குழுவினரோ அதன் இறுதிப் பகுதியை ஒத்திகையில் கண்டு நகைத்தனர்; மெண்டல்சன் அதனைத் திரும்பப் பெற்றார். இன்று அது உலகெங்கும் இசைக்கப்படுகிறது. ஊர் ஊராக அலைந்து ஏடு தேடிய உ.வே.சாமிநாதையரை அறிந்த நாம், கண்டெடுப்பது பாதி, அவைக்குக் கொண்டுவருவது மறுபாதி என்பதை எளிதில் உணரலாம்.

அவையோர் தீர்ப்பும் இறுதியானதன்று. 1859 ஜனவரி 27இல் இளைஞர் பிராம்ஸ் தம் முதல் பியானோ கன்சர்ட்டோவைக் கெவாண்ட்ஹவுஸில் இசைத்தபோது அவையினர் சீறொலி எழுப்பி வெறுப்பைக் காட்டினர். இருபது ஆண்டுகளுக்குப் பின் 1879 ஜனவரி முதல்நாள், அவருடைய வயலின் கன்சர்ட்டோ அதே அவையில்தான் முதன்முதலாக அரங்கேறியது. ஒருமுறை தோற்றவர்க்கு மீண்டும் இடம் கொடுப்பதும் திட்டமிடுவோரின் கடமையாகும்.

விடுபட்ட பெயர்கள்

பருவ அட்டவணையில் இருப்பவற்றைப் போலவே இல்லாதவையும் பேசும். 1933இல் நாஜிகள் ஆட்சியைப் பிடித்தனர். அப்போது லைப்சிக் குழுவின் தலைமை நடத்துநராக விளங்கியவர் புருனோ வால்டர். அவர் யூதர் என்ற ஒரே காரணத்திற்காக அவ்வாண்டு மார்ச் மாதம் அவரது கச்சேரி தடுக்கப்பட்டது, அவர் வெளியேறினார். யூதக் குடும்பத்தில் பிறந்த மெண்டல்சனின் படைப்புகள், அவரே உயர்த்திய அந்நகரின் மேடையிலிருந்தே அகற்றப்பட்டன. 1936 நவம்பரில், நகர மேயர் கோர்டெலர் ஊரில் இல்லாத வேளையில், கூடத்தின் முன்னிருந்த மெண்டல்சன் சிலையும் பெயர்த்தெறியப்பட்டது. சிலையை மீண்டும் நிறுவ முடியாத நிலையில் மேயர் பதவி துறந்தார். பிற்காலத்தில் இட்லர் எதிர்ப்பியக்கத்தில் பங்கேற்றமைக்காக 1945இல் அவர் தூக்கிலிடப்பட்டார்.

ஒரு பெயரை அட்டவணையிலிருந்து நீக்குவது எளிய செயலாகத் தோன்றலாம். அன்று அவையில் அமர்ந்திருந்தோர் பலர் அதனை அவ்வாறே எண்ணியிருக்கக்கூடும். ஆனால் பெயரை நீக்கும் கை, பின்னர் மனிதரை நீக்கவும் தயங்கவில்லை என்பதை வரலாறு காட்டிற்று. மெண்டல்சன் சிலை மறுபடியும் வடிக்கப்பட்டு அந்நகரில் நிறுவப்பட்டது 2008இல்தான். எந்த மொழியின், எந்த இனத்தின், எந்தச் சமயத்தவரின் ஆக்கம் நம் மேடைகளில் ஒலிக்காமல் இருக்கிறது என்று வினவுவது அனைவர்க்கும் உரிய கடமையாகும்.

திட்டம் கலையும்போது

மனிதன் திட்டமிடுகிறான், நிறைவேற்றம் இறைவன் கையில். பீத்தோவன் பிறந்த 250ஆம் ஆண்டான 2020ஐக் கொண்டாட உலகக் குழுக்கள் பல ஆண்டுகள் திட்டமிட்டிருந்தன. மார்ச் மாதத்தில் பெருந்தொற்று அரங்குகளை அடைத்தது. அவ்வாண்டு மே முதல்நாள், பெர்லின் இசைக்குழுவினர் ஆளில்லா அரங்கில், இடைவெளி விட்டமர்ந்த சிறு குழுவாக இசைத்ததை உலகம் ஒளிபரப்பில் கண்டது. பெருங்குழுவுக்கு எழுதப்பட்ட மாலரின் நான்காம் சிம்பொனி அன்று சிறு குழுவுக்குரிய வடிவில் ஒலித்தது. லைப்சிக்கில் 2021ஆம் ஆண்டுக்கெனத் திட்டமிட்ட மாலர் பெருவிழா கைவிடப்பட்டு, 2023 மே மாதத்தில் நடந்தேறியது. கலைந்த திட்டத்தை மீண்டும் கட்டியெழுப்பும் பொறுமையும் திட்டத்தின் ஒரு பகுதியே.

நிறைவுரை

ஒரு பல்லியக் குழுவின் பருவத் திட்டம், நாள், ஆள், பணம் என்னும் மூன்று எல்லைகளுக்குள் வரையப்படுகிறது. ஆயினும் அதன் உயிர் வேறிடத்தில் உள்ளது. முன்னோர் விட்டுச்சென்றதைக் காத்தல், புதியவர்க்கு வாய்ப்பளித்தல், ஒதுக்கப்பட்டவரை மீட்டல் ஆகிய மூன்றுமே அதன் உயிர்நாடி. இப்பொறுப்பை நம் வழக்கில் 'அமானிதம்' என்ற ஒரே சொல்லால் உரைத்துவிடலாம். அதனை நிறைவேற்றும் வழி கலந்தாலோசனை. 'ஷூரா' என்னும் பெயரிலேயே திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயம் அமைந்திருப்பதை நாம் அறிவோம்.

இலக்கிய மன்ற விழாவுக்கு நிகழ்நிரல் வகுக்கும் மாணவர்க்கும் இதில் பாடம் உண்டு. கைதட்டல் உறுதியாகக் கிடைக்கும் நிகழ்ச்சிகளை மட்டும் அடுக்குவது எளிது. அவற்றின் நடுவே, இதுவரை மேடையேறாத ஒரு மாணவனுக்கு, பேழைக்குள் உறங்கும் ஒரு பழைய ஏட்டுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கிப் பாருங்கள். லைப்சிக் அவை 1839ஆம் ஆண்டு மார்ச் மாத மாலையில் பெற்ற பேறு நம் அவைக்கும் வாய்க்கக்கூடும்.