மீன்தொட்டியும் மன்னார் நீரும்

கடலை நம்பி வாழும் மன்னார் தீவில், கண்ணாடித் தொட்டிக்குள் நான்கு மீன்களை விட்டு அழகு பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று எமது மூத்தோர் கேட்கக்கூடும். ஆயினும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்த ஆசை அவ்வப்போது எழவே செய்கிறது. தொட்டி வாங்கிய அன்றே நீர் நிரப்பி, அன்றே மீன்களையும் விட்டு, இரண்டு மூன்று வாரங்களுக்குள் அவை ஒவ்வொன்றாகச் செத்து மிதப்பதைக் கண்டு மனம் சோர்ந்து கைவிடுவோரே அதிகம். மீன் நோயுற்றிருந்தது என்றும், விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்றும் கூறப்படுகிறது. பெரும்பாலான வேளைகளில் காரணம் நீரிலேயே இருக்கிறது. மன்னாரின் நீருக்குத் தனியான இயல்புகள் உண்டு என்பதால், மலைநாட்டுக்கும் தென்மேற்குக்கும் பொருந்தும் ஆலோசனைகள் இங்கு அப்படியே பொருந்துவதில்லை. எனவே இவ்விடயத்தை நாம் சற்று விளக்கமாக நோக்குவது பயனுடையதாகும்.

தாவரங்களுடன் கூடிய மீன்தொட்டியின் அடிப்படையை விளங்கிக்கொள்ள ஒரு பழைய பரிசோதனை உதவும். இலண்டனைச் சேர்ந்த இரசாயனவியலாளர் ரொபர்ட் வாரிங்ரன், இரண்டு பொன்மீன்களையும் வலிஸ்நேரியா என்னும் நீர்த்தாவரத்தையும் ஒரே தொட்டியில் வைத்து ஆராய்ந்து, அதன் முடிவை 1850ஆம் ஆண்டு வெளியிட்டார். அழுகிய இலைகளால் நீர் கெடத் தொடங்கியதும் அவற்றை உண்ணும் நத்தைகளைச் சேர்த்தார். அதன்பின் தொட்டி தெளிந்து நிலைபெற்றது. மீனின் கழிவு தாவரத்துக்கு உணவாகிறது. பகல் வெளிச்சத்தில் தாவரம் வெளிவிடும் ஒட்சிசன் மீனுக்கு மூச்சாகிறது. இந்தச் சமநிலையே இன்றுவரை இக்கலையின் உயிர்நாடியாக விளங்குகிறது.

இச்சமநிலை ஒரே நாளில் அமைவதில்லை. மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. அது மீன்களுக்கு நஞ்சு. கண்ணுக்குத் தெரியாத ஒருவகைப் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சே. வேறுவகைப் பற்றீரியாக்கள் அதனை நைத்திரேற்றாக மாற்றிய பின்னரே தீங்கு பெருமளவு குறைகிறது. இந்த நுண்ணுயிர்கள் மணலிலும் வடிகட்டியின் பஞ்சிலும் போதியளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் தேவை. புதிய தொட்டியில் முதல் மாதத்திலேயே மீன்கள் மடிவதன் மர்மம் இதுதான்.

மன்னாரில் இந்த ஆபத்து இரட்டிப்பாகிறது. தீவின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதன்மேல் மணல். மழைநீர் மணலினூடாக இறங்கி, உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக நிற்கிறது. ஆதலால் கிணற்று நீர் பொதுவாகக் கடினத்தன்மையும் காரத்தன்மையும் கொண்டது. சில இடங்களில் உவர்ப்பும் உண்டு. அமோனியாவின் நச்சு வடிவம் காரநீரில் பெருகும். 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில், பி.எச். பெறுமானம் 7 ஆக உள்ள நீரைவிட 8 ஆக உள்ள நீரில் அதன் பங்கு ஏறக்குறைய 9 மடங்காகும். வெப்பம் கூடக்கூட நீரில் கரையும் ஒட்சிசனும் குறைகிறது. குளிர்ந்த மலைநாட்டில் மீன் தாங்கிக்கொள்ளும் கவனக்குறைவை மன்னாரின் சித்திரை வெயிலில் அதனால் தாங்கவியலாது.

ஆகவே தொடங்குபவர்கள் மிகச்சிறிய கிண்ணங்களைத் தவிர்த்து, இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட தொட்டியைத் தெரிவுசெய்வது நன்று. அது ஏறத்தாழ 55 லீற்றர் கொள்ளும். நீரின் அளவு கூடும்போது வெப்பமும் கழிவின் செறிவும் சட்டென மாறுவதில்லை. நீரின் நிறையே 55 கிலோவுக்கு அண்மித்ததாகையால் உறுதியான மேசை அவசியம். நேர்வெயில் படாத இடத்தில் அதனை வைக்கவேண்டும்.

அடியில் இடும் மணலில் எம்மவர் பலர் தவறுகின்றனர். கடற்கரை மணலும் சிப்பியும் முருகைக்கல்லும் இங்கு எளிதிற் கிடைக்கின்றன. ஆனால் அவற்றிலுள்ள கல்சியம் காபனேற்று, ஏற்கனவே கடினமான நீரை மேலும் கடினமாக்கும். கழுவிய ஆற்றுமணலே ஏற்றது. ஐயம் இருப்பின் சிறிதளவு மணலில் வினாகிரியை ஊற்றிப் பார்க்கலாம். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு உண்டு. மாரியில் கூரையிலிருந்து பிடித்த சுத்தமான மழைநீரைக் கிணற்று நீருடன் கலப்பது கடினத்தன்மையைக் குறைக்கும் எளிய வழியாகும். குழாய் நீராயின் குளோரீன் அகலும்பொருட்டு அகன்ற வாளியில் ஒருநாள் திறந்து வைக்கவேண்டும்.

தாவரங்களில் வலிஸ்நேரியா கடின நீரில் நன்கு வளரும். இலங்கைக்கே உரிய கிரிப்டோகொரைன் வென்ட்டியும் ஏற்றது. குறைந்த வெளிச்சமே அதற்குப் போதும். நட்ட சில நாட்களில் அதன் இலைகள் கரைந்து உதிர்வதுண்டு. வேர் உறுதியாயிருந்தால் மீண்டும் துளிர்க்கும், பிடுங்கி எறியத் தேவையில்லை. இத்தாவரங்களை ஓடைகளில் பிடுங்காது, பண்ணையில் வளர்க்கப்பட்டவற்றையே வாங்கவேண்டும். நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணித்தியாலம் விளக்கொளி போதுமானது. அதனைக் கூட்டினால் பாசியே பெருகும்.

தாவரங்கள் வேர்கொண்டு சில வாரங்கள் சென்ற பின்னரே மீன்களை விடவேண்டும். கடின நீருக்குப் பொருத்தமானவை கப்பி, மொலி, பிளாற்றி போன்றவை. இலங்கையின் ஈரவலய ஓடைகளுக்குரிய செரி பாபின் இயல்பான வாழ்விடம் மென்னீராகும். எமது கிணற்று நீரில் அவ்வகை மீன்களை வருத்துவது முறையன்று. முதலில் மூன்று ஆண் கப்பிகளுடன் தொடங்கி, ஒரு மாதத்தின் பின் மேலும் மூன்றைச் சேர்க்கலாம். ஆண்களை மட்டும் வைத்தால் குஞ்சுகள் பெருகித் தொட்டி நெருக்கடியாவதில்லை. இரண்டு நிமிடத்தில் உண்டு முடிக்கும் அளவுக்கே உணவிடவேண்டும். வாரமொருமுறை நாலில் ஒரு பங்கு நீரை மாற்றவேண்டும். வடிகட்டிப் பஞ்சைக் குழாய் நீரில் கழுவினால் குளோரீன் நல்ல நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும்; தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசவேண்டும். 2022ஆம் ஆண்டு போன்ற நீண்ட மின்வெட்டுக் காலங்களிலும், மீன்கள் குறைவாகவுள்ள தொட்டியே பிழைத்திருக்கும் வாய்ப்புக் கூடியது.

ஆர்வம் குன்றிக் கைவிடப்படும் தொட்டி அவ்வீட்டாரின் பிரச்சினையாக மட்டும் நின்றுவிடுவதில்லை. மலேரியா அற்ற நாடென உலக சுகாதார ஸ்தாபனம் 2016 செப்ரெம்பரில் இலங்கைக்குச் சான்றளித்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே, மலேரியாவைப் பரப்பவல்ல அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் நுளம்பு இலங்கையில் முதன்முறையாக மன்னார் தீவில் கண்டறியப்பட்டது. கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் பெருகும் அதனைக் கட்டுப்படுத்த, கிணறுகளில் கப்பி மீன்கள் விடப்பட்டன. மீனின்றி முற்றத்தில் கிடக்கும் தொட்டி அந்நுளம்புக்கு நாமே அமைத்துக் கொடுக்கும் வீடாகும்.

அதற்காக, வேண்டாத மீனையும் செடியையும் குளத்தில் கொட்டுவது இதனினும் பெருந்தீங்கு. ஆகாயத்தாமரை பெருகியதால் 1909ஆம் ஆண்டிலேயே அதற்கெனத் தனிச்சட்டம் இயற்றவேண்டியதாயிற்று. தாவரவியல் கற்கைக்காக 1939ஆம் ஆண்டு கொழும்புக்குக் கொண்டுவரப்பட்ட சல்வீனியா, பின்னர் நாட்டின் நீர்நிலைகளையும் வயல்களையும் மூடிப் படர்ந்தது. ஒரு சிறு தொட்டிச் செடி எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இது போதிய சான்று. அருவியாற்று நீரைப் பெறும் கட்டுக்கரைக்குளம் எமது நெற்செய்கையின் ஆதாரமாகவும் நன்னீர் மீனவர்களின் பிழைப்பாகவும் இருக்கிறது. அதில் வெளிமீன்களும் வெளிச்செடிகளும் புகுந்தால் மீளப்பெற இயலாது.

ஆதலின் கத்தரித்த செடிகளை வெயிலில் நன்கு உலர்த்திப் புதைத்துவிடவேண்டும். மாற்றிய நீரை வாழைக்கோ மிளகாய்ச் செடிக்கோ ஊற்றலாம். அதிலுள்ள நைத்திரேற்று நல்ல பசளை. மீன்களை வளர்க்க இயலாதவர்கள் அவற்றை வளர்ப்போரிடமோ விற்பனையாளரிடமோ ஒப்படைக்கலாம். மீன்தொட்டி கேட்கும் பிள்ளைக்கு, மீன் வாங்கமுன் நீரைப்பற்றிச் சொல்லிக்கொடுப்பதே முதற்பாடமாக அமையட்டும். நன்னீர் அரிதான இத்தீவில் அப்பாடம் தொட்டிக்கு வெளியிலும் பயன்படும்.